டீக்கடையில் நிற்கும் லாரி

பாளையங்கோட்டை
மார்கழி 6

அன்புள்ள சண்முகத்துக்கு,

உம்முடைய கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு நீர்தான் காரணம். "கூடங்குளம் அணுஉலையில் எரித்து முடித்த எரிபொருளை ஒருநாள் வெளியே கொண்டுபோவதானால் லாரி நல்லதா, ரயில் நல்லதா?" என்று கடைசி வரியில் போகிறபோக்கில் கேட்டுவிட்டீர். முப்பது வருஷம் பிசிக்ஸ் நடத்தினவன் சும்மா இருப்பானா வே? பேரனுடைய ரஃப் நோட்டில் எட்டுப் பக்கம் தீர்ந்துபோனது. அவன் அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

வீட்டில் எல்லாரும் சுகம். என் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. சரி, கணக்குக்கு வருகிறேன்.

இப்போதைக்கு எதுவும் எங்கேயும் போகவில்லை. 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டபோது, எரித்து முடித்த எரிபொருள் சோவியத்துக்கே திரும்பிவிடும் என்று பேச்சு. பிற்பாடு அது மாறி, நம்மிடமே இருக்கட்டும் என்றாகிவிட்டது. உலையை ஒட்டிய தண்ணீர்த் தொட்டியில் கிடக்கிறது. வளாகத்துக்குள்ளேயே தனிச் சேமிப்பிடம் கட்டுவதற்காக 2019 ஜூலையில் ராதாபுரத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்து, அப்புறம் தள்ளிவைத்தார்களே, ஞாபகம் இருக்கும். ஆனால் நம் நாட்டுக் கொள்கையில் அது கழிவே இல்லை. மறுசுழற்சி செய்து புளூட்டோனியம் எடுக்க வேண்டிய சரக்கு. அந்த ஆலைகள் டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கத்தில் இருக்கின்றன. ஆக, என்றைக்காவது ஒரு பயணம் உண்டு. நான் கல்பாக்கம் என்று வைத்துக்கொண்டேன், சாலை வழியாகச் சுமார் 650 கிலோமீட்டர். அங்கேதான் போகும் என்று யாரும் சொல்லவில்லை. கணக்குக்கு ஒரு ஊர் வேண்டுமல்லவா?

கூடங்குளத்து உலை ஒவ்வொன்றிலும் 163 எரிபொருள் கற்றைகள். ஒவ்வொன்றும் நாலரை மீட்டர் நீளம். ஒரு தடவை மாற்றும்போது மூன்றில் ஒரு பங்கு, அதாவது 54 வெளியே வருவதாக வைத்தேன். ஐந்து வருஷம் தண்ணீரில் ஆறிய பிறகும் ஒரு கற்றை கிட்டத்தட்ட ஒரு கிலோவாட் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். நம் வீட்டு இஸ்திரிப்பெட்டி மாதிரி. என்ன, இதற்கு சுவிட்ச் கிடையாது. இதை அடைத்து லாரியில் ஏற்றும் கனத்த உலோகக் கலன் இருபத்தைந்து டன் போல இருக்கும், அதிகம் போனால் நான்கு கற்றை பிடிக்கும். ரஷ்யாவில் இதே வகை உலைக்கு வைத்திருக்கும் ரயில் கலன் நூறு டன்னுக்கு மேல், 12 கற்றை கொள்ளும். லாரி என்றால் 14 நடை, ரயில் என்றால் 5 கலன். அந்த ஐந்தையும் ஒரே வண்டியில் கோத்துவிடலாம் என்பது கூட்ஸ் கார்டாக இருந்த உமக்கே தெரியும்.

அமெரிக்காவில் எரித்த எரிபொருளை யூக்கா மலைக்குள் புதைக்கும் திட்டத்துக்காக 2002-ல் போட்ட மதிப்பீட்டிலும் இதே சங்கதிதான். பெரும்பாலும் லாரி என்றால் 24 வருஷத்தில் ஐம்பதாயிரம் நடைக்கு மேல். பெரும்பாலும் ரயில் என்றால் பத்தாயிரம் அளவில். சாதாரண சாலை விபத்தில் சாகக்கூடியவர்கள் எண்ணிக்கை, விபத்தில் கலனிலிருந்து கசியும் கதிர்வீச்சால் வரக்கூடிய சாவை விட அதிகம் என்றுதான் அங்கே கணக்கு வந்தது. நாங்குநேரி பக்கம் நாலுவழிச் சாலையில் எதிர்த்திசையில் வரும் பைக்குகளைப் பார்க்கிற எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

இப்படிப்பட்ட ஆபத்து மதிப்பீட்டை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, எந்த விபத்தும் இல்லாமல் வண்டி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் வழியில் இருக்கும் ஜனங்களுக்கு என்ன ஆகும் என்பது. இன்னொன்று, விபத்து நடந்தால் என்ன ஆகும் என்பது. எல்லாரும் இரண்டாவதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு முதலாவதுதான் ருசியாக இருந்தது.

கலன் எத்தனை கனமாக இருந்தாலும் கொஞ்சம் கதிர்வீச்சு வெளியே வரத்தான் செய்யும். வண்டியின் பக்கவாட்டிலிருந்து இரண்டு மீட்டரில் மணிக்கு 0.1 மில்லிசீவர்ட்டுக்கு (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் போகக்கூடாது என்பது உலக வரம்பு. அந்த வரம்பை முழுசாக வைத்தே கணக்குப் போட்டேன். சாலையிலிருந்து முப்பது மீட்டரில் ஒரு வீடு, லாரி நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிறது. அந்த வீட்டுத் திண்ணையில் இருக்கிறவருக்குக் கிடைப்பது, மண்ணும் வானமும் நமக்கு எப்போதும் தந்துகொண்டிருக்கிற கதிர்வீச்சில் ஒரு நிமிஷத்துப் பங்கு. ஒரே நிமிஷம்! மணவாளக்குறிச்சி கடற்கரையில் இயற்கையிலேயே கதிர்வீச்சுள்ள மோனசைட் மணல்மேல் குடியிருக்கிறவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். நான் தப்புப் போட்டுவிட்டேனோ என்று மூன்று தடவை திரும்பப் போட்டேன்.

அப்புறம் அதே லாரியை ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். பத்து மீட்டர் தள்ளி பெஞ்சில் ஒருத்தர் இருபது நிமிஷம் உட்கார்ந்து வடையும் டீயும் சாப்பிடுகிறார். அவருக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட ஒரு முழு நாள் பங்கு. திண்ணைக்காரரைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அதுவும் பயப்படுகிற அளவில்லை, நெஞ்சு எக்ஸ்ரேயை விடக் குறைவுதான். ஆனால் 650 கிலோமீட்டரின் மொத்தக் கணக்கும் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது பாரும்: வண்டி நிற்கிற இடத்தில். டோல்கேட்டில், டயர் வெடித்த இடத்தில், கோயில் கொடைக்குச் சாலையை மறித்த ஊரில். ஓடுகிற லாரியால் ஒன்றும் பெரிதாக ஆவதில்லை.

அமெரிக்கச் சாண்டியா ஆய்வகத்தில் 1970-களிலேயே ராட்ட்ரான் என்று ஒரு கணினி நிரல் இதற்காகவே எழுதியிருக்கிறார்கள். அதற்கும் நாம்தான் சொல்லித்தர வேண்டும்: எத்தனை நேரம் நிற்கும், எத்தனை பேர் எவ்வளவு தூரத்தில் இருப்பார்கள் என்று. அவர்கள் ஊர் லாரி நிறுத்தத்தை அளந்து வந்த எண்ணை வள்ளியூருக்குப் போட்டால் விடை எப்படிச் சரியாகும்? நம்மூரில் பெரிய வண்டி ஒன்று நின்றால், அதுவும் முன்னும் பின்னும் போலீஸ் ஜீப்போடு நின்றால், என்ன ஏது என்று கேட்டு நாலு பேர் பக்கத்தில் வந்து கையை வைத்துப் பார்ப்பான். நீரே பார்ப்பீர்!

இதனால் ரயில் ஜெயித்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். தண்டவாளம் வீடுகளிலிருந்து தள்ளிப் போகிறது, நடை குறைவு, எல்லாம் சரி. ஆனால் சாதாரண கூட்ஸில் சேர்த்துவிட்டால் யார்டில் மணிக்கணக்கில் கிடக்கும். தனி ஸ்பெஷலாக விடலாமா, மற்ற வேகன்களோடு கோக்கலாமா என்பது அமெரிக்காவிலேயே வெகுகாலம் இழுத்த வாதம். அதோடு கூடங்குளத்து வாசலுக்கு ரயில் கிடையாது. நூறு டன் கலனை முதலில் சாலையில்தான் நகர்த்த வேண்டும், ஆமை வேகத்தில். வேகம் பாதியானால் கதிர் அளவு இரட்டிப்பு.

விபத்துப் பக்கம் சுருக்கமாக. கலனை ஒன்பது மீட்டர் உயரத்திலிருந்து அசையாத தளத்தில் போடுவது, 800 டிகிரி நெருப்பில் அரை மணி நேரம் வைப்பது, தண்ணீரில் அமுக்குவது என்று சோதனைகள் உண்டு. 1984-ல் இங்கிலாந்தில் ஆளில்லாத ரயிலை நூறு மைல் வேகத்தில் விட்டு ஒரு கலன்மேல் மோதவிட்டார்கள். என்ஜின் நொறுங்கியது, கலன் தாங்கியது. அதை நான் நம்புகிறேன். நம்பாதது அந்தப் பெருக்கலைத்தான். லட்சத்தில் ஒரு வாய்ப்பையும் அதனால் வரும் பாதிப்பையும் பெருக்கி, வழியில் உள்ள அத்தனை ஜனத்துக்கும் பங்கு வைத்தால் ஒவ்வொருத்தர் தலைக்கும் தூசி அளவு வரும். களக்காட்டில் வாழை போட்டிருக்கிறவனுக்கு அந்தத் தூசியால் என்ன பிரயோஜனம்? ஒரு சொட்டு கசியாவிட்டாலும், "அங்கே லாரி கவிழ்ந்ததாம்" என்ற பேச்சு போதும், வாழைத்தாரை யாரும் தொடமாட்டான். அந்த நஷ்டத்துக்கு என் நோட்டில் ஒரு கட்டம்கூட இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட எக்ஸ்பிரஸ், தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போய், நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் இரண்டு நாள் போல நின்றது. அதற்கு முந்தின வாரம் வரை, "ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நிற்கும் நேரம்" என்று கேட்டிருந்தால் நீர் என்ன எண் சொல்லியிருப்பீர்? இரண்டு நிமிஷம் என்றுதானே?

என் விடையைக் கேட்டால், ரயில்தான். அதுவும் தனி ஸ்பெஷல், நடுவில் எங்கும் நிற்காமல். ஆனால் இந்த விடையில் பாதி என் ஊகம். அதனால் ஒரு காரியம் செய்யும். கூட்ஸ் கார்டாக இருந்த காலத்தில் நீர் எழுதிவைத்த டைரிகளை மருமகள் பழைய பேப்பரோடு போட்டுவிடவில்லையே? மற்ற வண்டிக்கு வழிவிடச் சொல்லி மணியாச்சி லூப்பில் உம்மை எத்தனை மணி நேரம் போட்டுவைத்தார்கள், எந்தெந்த ஸ்டேஷனில், எத்தனை தடவை என்று ஒரு வருஷத்துக்காவது எடுத்து எழுதி அனுப்பும். பாதை இரட்டையாகிவிட்டது, அந்தக் கணக்கு இப்போது பழசுதான். இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல். பிரேக் வேனில் உட்கார்ந்து நீர் திட்டின திட்டுகளை விட்டுவிடும், மணி மட்டும் போதும்.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தீர். டைரியை அப்போது கையிலேயே கொண்டு வந்தாலும் சரி. ஜங்ஷனுக்கு நான் வர முடியாது, கால் வலி; பேரனை பைக்கோடு அனுப்புகிறேன்.

அன்புடன்,
முத்தையா