கணினியில் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலான ஆப்பரேட்டிங் சிஸ்டம்) ஏற்றித் தந்ததில் நடந்த தவறு, ஹார்டு டிஸ்க் செத்துவிட்டதாகச் சொன்னது தொடர்பான புகார்

அனுப்புநர்: தட்டச்சுப் பயிலக உரிமையாளர், குடியாத்தம், வேலூர் மாவட்டம்
பெறுநர்: கிளை மேலாளர், கணினி சேவை மையம், காட்பாடி ரோடு, வேலூர்
நாள்: 8.9.2025

ஐயா,

வணக்கம். இது என் நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்று ஒரே எஸ்எம்எஸ் வந்ததோடு சரி. இதையாவது முழுக்கப் படியுங்கள்.

என்னுடையது 2009-ல் அசெம்பிள் செய்த கணினி. கோர் 2 டியோ, 4 ஜிபி ராம், 320 ஜிபி டிஸ்க். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு ஆதரவு நின்றது. 2023-க்குப் பிறகு குரோமும் அதில் புதுப்பிக்க முடியவில்லை. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் கேட்கிறது, என் கணினியில் அது இல்லை. "பழைய கணினியைத் தூக்கிப் போடாதீர்கள், லினக்ஸ் மின்ட்டுக்கு 2 ஜிபி ராம் இருந்தாலே போதும், வீட்டுக்கே வந்து போட்டுத் தருகிறோம்" என்று நோட்டீஸ் கொடுத்தது நீங்கள்தான். நம்பி 1,800 ரூபாய் கட்டினேன்.

ஆகஸ்ட் 12 அன்று உங்கள் இன்ஜினியர் வந்தார். பென் டிரைவைப் போட்டதும் திரை கருப்பாகவே நின்றது. அவர் மெனுவில் 'ஈ' விசையை அழுத்தி, ஒரு வரியின் கடைசியில் திரைக்கான நோமோட்செட் என்ற கட்டளையை அடித்தார், திரை வந்துவிட்டது. தொழில் தெரிந்தவர் என்று மனசார நினைத்து டீ போட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது ஃபோனில் யாருடனோ பேசிக்கொண்டே என்டர், என்டர் என்று தட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும், "மீடியாவை எடுத்துவிட்டு என்டர் அழுத்தவும்" என்று திரையே சொன்னது. அவர் எடுக்கவில்லை. பென் டிரைவ் செருகியபடியே ரீஸ்டார்ட் செய்து, டெஸ்க்டாப்பைக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதன்பிறகு பிடுங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் ஆன் செய்தால் ஆப்பரேட்டிங் சிஸ்டமே இல்லை என்று ஒரு வரி மட்டும் நின்றது.

உங்கள் கஸ்டமர் கேரில் ஃபோன் எடுத்த ஆள் பேசியதை முதலில் சொல்லியாக வேண்டும். "ஏம்மா, டைப் அடிக்கிறதுக்கு உனக்கு லினக்ஸ் கேக்குதா? பேசாம புதுசு ஒண்ணு வாங்கிக்கோ" என்றார். 27 வருஷமாகப் பயிலகம் நடத்துகிறேன். என்னிடம் லோயர், ஹையர் முடித்தவர்கள் அரசு அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட இன்றுவரை என்னை 'நீ' என்று பேசியதில்லை. காசு கட்டின இடத்தில் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டியதாயிற்று. அந்த அழைப்பை நீங்கள் பதிவு செய்திருப்பீர்கள். போட்டுக் கேளுங்கள்.

அதற்கு முன்பே இரண்டு தடவை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். 14-ந் தேதி, பழைய பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கே.வி.குப்பம், லத்தேரி வழியாகக் காட்பாடி வரை பஸ்ஸில். லக்கேஜ் டிக்கெட் தனி. கவுன்டரில் "லினக்ஸ் பார்க்கிற சார் லீவு" என்றார்கள். இதை ஃபோனில் கேட்டுத்தானே கிளம்பினேன்? 19-ந் தேதி மறுபடி வந்தேன். அதே இன்ஜினியர் அதே பென் டிரைவைச் செருகினார், என் டெஸ்க்டாப் வந்தது. "நல்லாத்தானே இருக்கு, உங்க வீட்டு கரன்ட் சரியில்லை" என்று பென் டிரைவை உருவிக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுத்தார். வீட்டில் மறுபடி அதே வரி. மூன்றாம் தடவை வந்தபோது "ஹார்டு டிஸ்க் செத்துப்போச்சு" என்று 2,400 ரூபாய்க்குப் புது டிஸ்க்காக ஒரு எஸ்எஸ்டியைத் தலையில் கட்டினீர்கள். பழைய டிஸ்க்கை அங்கேயே விட்டுவிடச் சொன்னதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை, அதுதான் என்னைக் காப்பாற்றியது.

என் அண்ணன் மகன் இன்ஜினியரிங் மாணவன். லீவுக்கு வந்தவன் பழைய டிஸ்க்கை மாட்டி, தன் பென் டிரைவில் பூட் செய்து பார்த்தான். டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை, என் ஃபைல்களும் அப்படியே இருந்தன. டிஸ்க்கின் தொடக்கத்தில் எம்பிஆர் என்று 512 பைட் இடம் இருக்கிறதாம். கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் பழைய பயாஸ் அங்கேதான் போய்ப் பார்க்குமாம். லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் என்ற சிறு நிரல் எழுதப்பட வேண்டிய இடம் அது. உங்கள் ஆள் எஸ்டிஏ (என் டிஸ்க்) என்று கொடுக்க வேண்டியதை எஸ்டிபி (பென் டிரைவ்) என்று கொடுத்து, கிரப்பைத் தன் பென் டிரைவில் எழுதி எடுத்துப்போயிருக்கிறார். அது செருகியிருந்தால் கணினி ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. உங்கள் கடையில் மட்டும் ஓடிய மர்மம் இதுதான். பையன் கிரப் இன்ஸ்டால் கட்டளையை எஸ்டிஏவுக்குக் கொடுத்தான், பத்தே நிமிஷம். இந்தக் கடிதத்தை அதே கணினியில்தான் தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிக்கிறேன்.

இதையே விற்றுப் பிழைக்கும் உங்களுக்கு இது தெரியாதா? தெரியாமல் சொன்னீர்களா, தெரிந்தே எஸ்எஸ்டியை விற்றீர்களா? இரண்டில் எது என்றாலும் எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

ஆவணி முகூர்த்தப் பத்திரிகை வேலை ஒன்றுகூட என்னால் எடுக்க முடியவில்லை. ஒரு வருஷ வருமானமே போயிற்று, என் பிழைப்பையே கெடுத்துவிட்டீர்கள். இரண்டு லட்சம் கேட்டாலும் எனக்குத் தகும். ஆனாலும் தயவுசெய்து கேட்கிறேன்: 1,800 ரூபாயையும் எஸ்எஸ்டிக்கு வாங்கிய 2,400 ரூபாயையும் திருப்பிக் கொடுங்கள், எஸ்எஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். என்னை அப்படிப் பேசியவர் ஃபோனில் கூப்பிட்டு, மரியாதையாக, வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

22-ந் தேதி வரை பார்ப்பேன். அதற்கு மேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்துவிட்டு, வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறேன். உங்கள் பில் இரண்டும் பஸ் டிக்கெட்டுகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, நகல் இணைத்துள்ளேன்.

எஸ்எஸ்டியை எடுக்க ஆள் அனுப்புவதானால் காலை பத்து மணிக்கு மேல் அனுப்புங்கள். அதுவரை எனக்கு வகுப்பு இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்