பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு வராதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "ஸ்கேனர்ல போட்டா என்ன ரிப்பேர்னு அதுவே சொல்லிடுமே, பாக்குறதுக்குத் தனிக் கூலியா? வண்டியை ஏன் ராத்திரி இங்கேயே விடணும்?" டர்போ வண்டி வைத்திருக்கும் பலர் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கேட்பது இது. நியாயமான கேள்விதான். எழுதியே சொல்லிவிடலாம் என்று இந்த மடல்.

ஸ்கேனர் எந்த பார்ட்டை மாற்றணும் என்று சொல்லாது. பி0302 என்ற எரர் கோடு காட்டினால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் (பெட்ரோல் சரியாக எரியாமல் விட்டுப்போவது) என்று அர்த்தம், அவ்வளவுதான். பிளக்குக்கு கரண்ட் தரும் காயிலா, பிளக்கா, பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரா, சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரெஷன்) குறைந்ததா என்பது தனி விசாரணை. செலவில்லாத வேலையிலிருந்து ஆரம்பிப்போம். இரண்டாவது சிலிண்டர் காயிலை மூன்றாவதில் மாட்டி ஓட்டிப் பார்ப்போம். கோடு பி0303 ஆக மாறினால் காயில் போய்விட்டது. மாறவில்லையென்றால் பிளக், பிறகு கம்ப்ரெஷன். நான்கு காயிலையும் மொத்தமாக மாற்றிவிடுவது எங்களுக்குச் சுலபம். பணம் உங்களுடையது ஆயிற்றே.

"ஸ்டார்ட் ஆகலை" என்பதிலும் இரண்டு வகை உண்டு. செல்ஃபே சுற்றவில்லையென்றால் பேட்டரி, எர்த் வயர், செல்ஃப் மோட்டார். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் சந்தேகப்படலாம். வேலூர் வெயிலில் பேட்டரி சீக்கிரம் தேய்வது உங்களுக்குத் தெரிந்ததே.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காத கேஸ்தான் எங்களை உட்கார வைக்கும். சென்னையிலிருந்து வந்த ஒருவர் ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்தியிருக்கிறார். அரை மணி கழித்து வந்தால் வண்டி சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட். வேறொரு இடத்தில் ஃப்யூயல் பம்ப்பும் பிளக்கும் மாற்றியாகிவிட்டது; கோளாறு அப்படியே இருந்தது. நாங்கள் வண்டியை நன்றாகச் சூடேற்றி, பானட்டை மூடி நிறுத்திவைத்து, பிறகு செல்ஃப் அடித்தபடியே ஸ்கேனரைப் பார்த்தோம். இன்ஜின் சுற்றுகிறது, ஸ்கேனரில் ஆர்.பி.எம். பூஜ்ஜியம்! இன்ஜின் சுற்றுவதை அளக்கும் கிராங்க் சென்சார் சூட்டில் சிக்னலை விட்டுவிடுகிறது. இன்ஜின் சுற்றுவதே ஈசியூவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தெரியாதபோது அது ஸ்பார்க்கும் கொடுக்காது, பெட்ரோலும் கொடுக்காது. சென்சாரின் மேல் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்ததும் ஆர்.பி.எம். வந்தது, வண்டியும் பிடித்தது. பம்ப் விலைக்குப் பக்கத்தில்கூட வராத சென்சார் அது.

ஓடும்போது வரும் கோளாறுக்கு நாங்கள் முதலில் பார்ப்பது ஃப்யூயல் ட்ரிம். காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலை ஈசியூ எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு. ஐடிலிங்கில் பிளஸ் 20 சதவீதம் காட்டி, 2,500 ஆர்.பி.எம்.மில் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் இன்டேக்கில் (இன்ஜினுக்குக் காற்று போகும் வழி) எங்கோ காற்று ஒழுகுகிறது; புகை விட்டுப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது மட்டும் இழுவை குறைந்து, லோடு ஏற ஏற ட்ரிம் பிளஸ் பக்கம் போனால் பெட்ரோல் பிரஷரைத்தான் அளக்கணும். இதை ஷெட்டுக்குள் நிறுத்திவைத்துப் பார்க்க முடியாது. அதனால்தான் பள்ளிகொண்டா வரை ஒருவர் ஓட்ட, ஒருவர் ஸ்கேனரோடு உட்கார்ந்து போகிறோம். கூலியில் பெரும் பங்கு இந்த நேரத்துக்குத்தான்.

பவர் கூட்ட ஈசியூ புரோகிராமை மாற்றி ரீமேப் செய்திருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். நாங்கள் திட்டப் போவதில்லை. பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) கூடினால் பிளக் கேப் (பிளக் முனையின் இடைவெளி) குறைவாக இருக்கணும், இல்லாவிட்டால் முழு ஆக்சிலேட்டரில் ஸ்பார்க் அணைந்து மிஸ்ஸிங் வரும். எண்ணெய் போடும் ஏர் ஃபில்டர் மாட்டியிருந்தாலும் சொல்லுங்கள். எண்ணெய் அதிகமானால் காற்றை அளக்கும் சென்சாரில் படிந்து ரீடிங்கையே கெடுத்துவிடும். எங்களைக் கேட்டால் அந்த ஃபில்டரே வேண்டாம் என்போம்.

இனி எங்கள் வேண்டுகோள். செக் இன்ஜின் லைட் வந்ததும் பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டாதீர்கள். மலிவு ஸ்கேனரில் எரர் கோடை அழிக்கவும் வேண்டாம். கோடு விழுந்த நேரத்தில் இன்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது, எந்த வேகம், எவ்வளவு லோடு என்று ஈசியூ பதிந்து வைத்திருக்கும். அழித்தால் அதெல்லாம் போய்விடும். கோளாறு திரும்ப வரும்வரை நீங்களும் காத்திருக்கணும், நாங்களும் காத்திருக்கணும். லைட் கண்சிமிட்டுவதுபோல் விட்டுவிட்டு எரிந்தால் மிஸ்ஸிங் பலமாக இருக்கிறது என்று அர்த்தம்; அப்போது மட்டும் ஓட்டிக்கொண்டு வராமல் ஓரங்கட்டிவிட்டு போன் செய்யுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதை உருக்கிவிடும். அது பெரிய செலவு.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வரும் கோளாறு என்றால் முந்தின நாள் மாலையே விட்டுச் செல்லுங்கள், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கணும். சூட்டில் வருவது என்றால் மதியம் ஓட்டிக்கொண்டே வாருங்கள். டேங்கில் பாதியாவது பெட்ரோல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஒர்க்‌ஷாப்,
காட்பாடி ரோடு, வேலூர்