தையல் குழு: வருசப்பிறப்புக்கு முன் ஒரு சேதி

அக்காமார், தங்கச்சிமாருக்கு வணக்கம். ஏப்ரல் 14 வருசப்பிறப்பு. அந்தக் கிழமை தையல் இல்லை. அடுத்த கிழமை வழமைபோல என் வீட்டு விறாந்தையில்.

கனடாப் பேரனுக்கான ஒட்டுத்துணிப் போர்வையின் மேல்பக்கம் முடிந்துவிட்டது, எல்லாம் பழைய வொயில் சேலைத் துண்டுகள். இனிப் பஞ்சும் உள்துணியும் வைத்து மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். நீங்களும் நடுவில் தொடங்கி ஓரத்துக்கு வாருங்கள். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் துணி பொம்மி நிற்கும், பிறகு பிரிக்கிறதுதான் வேலை. புதுப் பருத்தித் துணி சுருங்கும். வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவிடுங்கள். சிவப்பென்றால் தனியாக.

முற்றத்துப் பாயில் வடகத்துக்கு வேப்பம்பூ காய்கிறது, போர்வை விரிக்க இடமில்லை! வெயிலோ சொல்ல வேண்டாம், விடியவில்தான் மெஷினில் இருக்கிறேன்.

வருசத்துக்குச் சட்டை தைக்கிறவர்கள் வெட்டுத்துண்டுகளை எறியாமல் கொண்டுவாருங்கள். நைலோன் வேண்டாம், அயன் சூட்டில் உருகிவிடும்.