ஆணி இல்லை என்பதா அதிசயம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய மரவீடுகள் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால், ‘ஓர் ஆணிகூட இல்லாமல்’ என்பதையே கட்டுரை திரும்பத் திரும்ப வியந்துகொண்டிருப்பதால், அந்தத் தச்சர்களின் மெய்யான கைத்திறன் பின்னுக்குப் போய்விட்டது. ஆணி அங்கும் உண்டு. நாரா மாநிலத்து ஹோர்யூஜி கோயிலில் 1934-இல் தொடங்கிய பெரும் திருப்பணியின்போது பிரிக்கப்பட்ட கட்டடங்களில், பழங்காலக் கொல்லர்கள் அடித்துத் தந்த இரும்பாணிகள் இருந்தன. தூணும் உத்திரமும் சேரும் இடங்களில்தான் தச்சர்கள் பெரும்பாலும் ஒரு மரத்தில் வெட்டிய துளை, அதில் புகும்படி மற்ற மரத்தின் முனையில் செதுக்கிய நாக்கு, இரண்டையும் பூட்டும் மரமுளை ஆகியவற்றை நம்பினார்கள்.

வீடு கட்டும் வேலையில் தலைமைத் தச்சரின் திறமை உளியை எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். வீட்டின் தரைப்படத்தை ஒரு பலகையில் மையால் வரைந்து, தூண் ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கொடுத்து, பிறகு மை தோய்த்த நூலை இழுத்துத் தட்டிக் கோடு போட்டு ஒவ்வொரு மரத்திலும் வெட்டவேண்டிய இடங்களைக் குறிப்பவர் அவரே. உத்திரத்துக்கு வரும் பைன் மரம் பெரும்பாலும் வளைந்தே இருக்கும். அந்த வளைவின் முதுகு மேலே பார்க்கும்படி வைத்துக் கூரையின் பாரத்தை அதன்மேல் ஏற்றுவார்கள். நாக்கைச் சுத்தியலால் மெல்லத் தட்டி நார்களை நசுக்கிய பின் துளையில் செலுத்தும் வழக்கமும் உண்டு. பின்னர் ஈரத்தை வாங்கி அது உப்பும்போது பொருத்து தானாக இறுகிவிடுகிறது.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்று பழுதுபார்ப்பு. பழைய வீடுகளில் தூணை மண்ணில் புதைக்காமல் கல்லின்மேல் நிறுத்துவார்கள். அப்படியும் தரையின் ஈரத்தால் முதலில் உளுப்பது அடிப்பாகம்தான். வீட்டைப் பிரிக்காமல், உளுத்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்துப் புதுக்கட்டையைப் பக்கவாட்டில் நுழைத்துப் பொருத்துகிறார்கள். இரு முனைகளும் ஒரே வடிவில் செதுக்கப்பட்டிருக்கும். நடுவில் விடப்பட்ட சிறு இடைவெளியில் ஒரு முளையை அடித்து இறக்கியதும் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். எந்த நுணுக்கமான பொருத்தையும்விட என்னைக் கவர்வது இந்த ஒட்டுவேலைதான்.

ஜப்பானில் 1950-இல் வந்த கட்டடச் சட்டம் சாய்வு முட்டுகளுக்கும் உலோகப் பிடிப்புகளுக்கும் இடம் தந்தது. பின்னர், பொருத்துகளை ஆலையிலேயே வெட்டித் தரும் இயந்திரங்கள் வந்தன. 1980-இல் ஒன்பது லட்சத்தைத் தாண்டியிருந்த தச்சர் எண்ணிக்கை, 2020-இல் ஏறத்தாழ மூன்று லட்சமாகக் குறைந்துவிட்டது. அதே 2020-இல் மரக்கட்டடங்களைப் பேணும் மரபுத்திறன்களை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் அதன் பலன் கோயில்களுக்கும் நினைவுச்சின்னங்களுக்கும் கிடைக்கும் அளவுக்குச் சாதாரண வீடு கட்டும் தச்சருக்குக் கிடைக்குமா என்பது ஐயமே. அடுத்த கட்டுரையில் அந்த வீட்டுத் தச்சர்களைப் பற்றியும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.