சேனையை ஓவனில் வறுக்கலாம், அண்ணி

அன்புள்ள அண்ணிக்கு,

போன வாரம் மதுரைக்கு வந்திருந்தபோது உங்கள் அடுப்படி மேடையில் அந்த ஓவனைப் பார்த்தேன். பூப்போட்ட துணியால் மூடியிருந்தது. மேலே அண்ணனுடைய மாத்திரை டப்பா. "பால் சுட வைக்க மட்டும்தான்மா எடுக்கிறது. இங்க யாரு கேக் சாப்பிடுறா?" என்றீர்கள். அன்று மதியம் எங்களுக்கெல்லாம் சேனை வறுவல். டாக்டர் பொரித்தது கூடாது என்று சொல்லிவிட்டதால் அண்ணனுக்கு மட்டும் அவித்த பீன்ஸ். ரசம் சோற்றை அதோடு பிசைந்து சாப்பிட்டுவிட்டு அவர் பேசாமல் எழுந்துபோனது எனக்கு மனசே ஆறவில்லை. சின்ன வயதில் சேனைக்காக என்னோடு சண்டை போட்டவர் அவர்.

போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். எழுதியே விடுகிறேன். பால் சுட வைக்க மட்டும் ஓவன் வைத்திருக்கும் மற்ற வீடுகளுக்கும் பயன்படட்டும் என்றுதான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

உங்களிடம் இருப்பது கன்வெக்‌ஷன் வசதி உள்ள மைக்ரோவேவ். ஒரே பெட்டிக்குள் இரண்டு அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பால் சுட வைக்கும்போது வேலை செய்வது மைக்ரோவேவ். அது பண்டத்துக்குள் இருக்கும் நீரைச் சூடாக்கும், அதனால் காய் வேகும், முறுகாது. கன்வெக்‌ஷனில் வைத்தால் உள்ளே கம்பி சூடாகி, பின்னால் இருக்கும் விசிறி அந்த அனல் காற்றைச் சுழற்றி அடிக்கும். காய் மேலிருக்கும் ஈரத்தைக் காற்று கொண்டுபோய்விடுவதால் மேல்தோல் மொறுமொறுப்பாகும். இப்போது எல்லோரும் வாங்கும் ஏர் ஃபிரையரும் இதே வேலையைத்தான் சின்னக் கூட்டுக்குள் செய்கிறது. அதைத் தனியாக வாங்க வேண்டியதில்லை.

இனி சேனை. அரைக் கிலோ எடுத்து அரை விரல் கனத்துக்கு வில்லைகளாக வெட்டுங்கள். வழக்கம்போலப் புளித்தண்ணீரில் மஞ்சள்தூள் போட்டு முக்கால் வேக்காடு வேகவிடுங்கள். ஓவனில் வைக்கப் போகிறோமே என்று இதை விட்டுவிட்டால் நாக்கு அரிக்கும். வடித்த பிறகு ஒரு துணியில் பரப்பி ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள். நான் முதல் தடவை இந்த இடத்தில் அவசரப்பட்டேன், வில்லைகள் சொதசொதவென்று போய்விட்டன. மிளகாய்த்தூள், சோம்புத்தூள், தட்டிய பூண்டு, ஒரு ஸ்பூன் அரிசி மாவு, இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் சேர்த்துப் பிசறி வையுங்கள். அதற்குள் ஓவனை 200 டிகிரியில் பத்து நிமிடம் காலியாகச் சூடேற்றிவிடுங்கள். தோசைக்கல் காய்ந்த பிறகுதானே மாவு ஊற்றுகிறோம், அதே கணக்கு. உயரமான கம்பி ஸ்டாண்டின் மேல் தட்டை வைத்து, வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். நெருக்கினால் ஆவியில் வெந்துவிடும். பன்னிரண்டு நிமிடம் கழித்துத் திருப்பிப் போட்டு, இன்னும் பத்து நிமிடம். ஓரம் சிவந்ததும் எடுத்துவிடலாம்.

அந்த இரண்டு டீஸ்பூன் எண்ணெய் என்பது ஏறக்குறைய 80 கலோரி. நாலு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 20. வாணலியில் பொரித்தால் காய் எவ்வளவு குடித்தது என்பதே நமக்குத் தெரியாது. மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி மறுநாள் தாளிக்க வைக்கிறீர்களே, எனக்கு அதுதான் இன்னும் பெரிய கவலை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில், அது கெடும்போது உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து கடைகளுக்கு விதி வைத்திருக்கிறது. நம் அடுப்படியில் அதை அளந்து பார்க்க யார் இருக்கிறார்கள்? ஓவனில் செய்தால் மிச்ச எண்ணெய் என்ற பேச்சே இல்லை.

அண்ணனுக்கு ரத்த அழுத்தமும் இருக்கிறது. எண்ணெய் அளவுக்கு உப்பும் முக்கியம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓவனில் நீர் வற்றி ருசி இறுகுவதால் வழக்கமாகப் போடும் உப்பில் பாதி போதும். இறக்கியதும் எலுமிச்சம்பழம் பிழிந்து, மிளகு தூவிப் பாருங்கள், குறை தெரியாது.

மீனுக்கு இதைவிட நல்ல அடுப்பு இல்லை என்பேன். மத்தி, கானாங்கெளுத்தி இரண்டிலும் அவற்றின் கொழுப்பே போதும், எண்ணெய் தொட்டுத் தடவினால் சரி. மசாலா பூசி, தணலில் வாட்டிய வாழையிலையில் பொதிந்து, 180 டிகிரியில் பதினைந்து நிமிடம். பிறகு இலையைப் பிரித்து இன்னும் ஐந்து நிமிடம். அலுமினியத் தாளில் சுற்றாதீர்கள். புளியும் எலுமிச்சையும் பட்டால் அந்த உலோகம் உணவில் இறங்கும். வாடைக்கு, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரும் எலுமிச்சைத் தோலும் போட்டு மைக்ரோவேவில் மூன்று நிமிடம் வைத்துவிட்டுத் துடைத்தால் போய்விடும்.

வெண்டைக்காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நீளவாக்கில் கீறிப் போட்டால் 180 டிகிரியில் கால் மணி நேரத்தில் கொழகொழப்பே இருக்காது. கொத்சுக்குக் கத்திரிக்காயை முழுசாகச் சுடலாம். முள்கரண்டியால் நாலு இடத்தில் குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். தணலில் சுட்ட வாசம் வராது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

உருளைக்கிழங்கில் மட்டும் கவனம். மாவுச்சத்துள்ள பண்டம் 120 டிகிரிக்கு மேல் வறுபடும்போது அக்ரிலமைடு என்ற, உடம்புக்கு ஆகாத வேதிப்பொருள் உண்டாகிறது. 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதைக் கண்டு சொன்னார்கள். எண்ணெய் இல்லாவிட்டாலும் உண்டாகும். வெட்டிய கிழங்கை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்துவிட்டு, பொன்னிறத்திலேயே எடுத்துவிடுங்கள். கிழங்கை ஃபிரிட்ஜிலும் வைக்க வேண்டாம்.

மெதுவடை, பூரியெல்லாம் ஓவனில் முயல வேண்டாம். வராது. நாள் கிழமையில் புதிதாக எண்ணெய் ஊற்றிச் சுட்ட ஒரு வடையை அண்ணனுக்குக் கொடுப்பதே மேல்.

எவர்சில்வர் தட்டு கன்வெக்‌ஷனுக்கு ஆகும், மைக்ரோவேவுக்கு ஆகவே ஆகாது. பிளாஸ்டிக் டப்பா கன்வெக்‌ஷனில் உருகிவிடும், மைக்ரோவேவுக்கு உகந்தது என்று எழுதியிருந்தாலும். 16 ஆம்பியர் பெரிய பிளக்கில்தான் போட வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. கரண்ட் பில்லை நினைத்துப் பயப்படாதீர்கள், ஒரு தடவை சேனை வறுக்க ஒரு யூனிட்டைச் சுற்றித்தான் ஆகும். அணைத்த பிறகு உள்ளே இருக்கும் சூட்டில், கழுவி உலர்த்திய கறிவேப்பிலையைப் பரப்பி வையுங்கள். பொடிக்கு ஏற்ற பக்குவத்தில் நொறுங்கும்.

அந்த மாத்திரை டப்பாவை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். ஓவனுக்கு மேலும் பக்கத்திலும் காற்றோட்டம் வேண்டும், மாத்திரைக்கும் சூடு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை சேனை வாங்கிவிட்டு எனக்குப் போன் போடுங்கள். தட்டை உள்ளே வைக்கும்வரை நான் லைனிலேயே இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்