ஈஸ்ட்டில் காட்டியது போதாதா? ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும் மதிப்பாய்வாளர்களுக்கும்,

வணக்கம். போன வாரம் எங்கள் கட்டுரை மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. ஈஸ்ட் செல்லில் ஒரு புரதம் என்ன வேலை செய்கிறது என்பதைப் பற்றிய கட்டுரை. சோதனைகளில் யாரும் குறை சொல்லவில்லை. மனித செல்களிலும் இதைக் காட்ட வேண்டும் என்பதுதான் முதல் முறையே வந்த நிபந்தனை. ஈஸ்ட்டில் வேலை செய்பவர்கள் எல்லாரும் இந்த வரியை ஒருமுறையாவது வாங்கியிருப்போம். உங்களில் பலர் எழுதியும் இருப்பீர்கள். அதனால் பின்னணியை நீட்டவில்லை. அந்த ஒரு வரியால் ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்த வேலையைச் செய்தது எங்கள் ஆய்வு மாணவி. ஈஸ்ட்டில் அந்த மரபணுவை நீக்க அவருக்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது. நீக்க வேண்டிய இடத்தின் இரு ஓரங்களோடும் பொருந்துகிற டிஎன்ஏ துண்டை உள்ளே அனுப்பினால், செல்லே அதைச் சரியான இடத்தில் கோத்துக்கொள்ளும். 90 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிற உயிர் என்பதால் விடையும் சீக்கிரம் தெரியும். புரதம் செல்லில் எங்கே இருக்கிறது என்று பார்க்க அதன் வாலில் ஓர் ஒளிரும் புரதத்தை ஒட்டினார், அதையும் அதன் சொந்த மரபணு இருக்கும் இடத்திலேயேதான் செய்தார். செல் அந்தப் புரதத்தை இயல்பாக எவ்வளவு உருவாக்குமோ அவ்வளவுதான் உருவாக்கியது. சந்தேகத்துக்கு இடமில்லாத வேலை.

அப்புறம் உங்கள் கடிதம் வந்தது. ஈஸ்ட்டில் ஒரே மரபணு செய்கிற வேலையை மனித செல்லில் மூன்று உறவு மரபணுக்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் கருவியான கிரிஸ்பரால் ஒன்றை வெட்டினார், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதையும் வெட்டினார், லேசான மாற்றம்கூட இல்லை. மூன்றையும் வெட்டியபோது செல்கள் செத்துப்போயின. ஒவ்வொரு முறையும் தனியாகப் பிரித்த ஒற்றைச் செல் கூட்டமாக வளர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வளர்ந்த பிறகு பார்த்தால் குரோமோசோமின் ஏதோ ஒரு பிரதியில் மரபணு வெட்டுப்படாமல் தப்பியிருக்கும். புரதத்தை அடையாளம் காட்ட விலைக்கு வாங்கிய ஆன்டிபாடிக்கு அந்த மூன்று புரதங்களையும் பிரித்தறியத் தெரியவில்லை. சரி, ஒளிரும் வாலோடு வெளியிலிருந்து புகுத்துவோம் என்றால், அளவுக்கு மீறி உருவாகிக் கட்டிகட்டியாகத் திரண்டு நின்றது. இப்படியே 14 மாதம் போனது. அவருடைய உதவித்தொகைக் காலம் அதற்குள் முடிந்துவிட்டது. மிஞ்சியது கட்டுரையின் பின்னிணைப்பில் வைக்கிற ஒரு துணைப் படம். அதைச் சேர்த்து அனுப்பினோம். மனித செல் தரவு பலவீனமாக இருக்கிறது என்று இந்த முறை திருப்பிவிட்டீர்கள்.

அந்தக் கடிதத்தை அவரிடம் நான்தான் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். கேள்வி ஈஸ்ட் புரதத்தைப் பற்றியது என்றால், அதற்கு ஈஸ்ட்டில் விடை கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மனித செல் சோதனையை நிபந்தனையாக்காதீர்கள்.

மனித செல்லில் பார்க்கவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஈஸ்ட்டுக்கு உயிர் போகிற அளவுக்கு அவசியமான 414 மரபணுக்களை எடுத்துவிட்டு, அவற்றின் இடத்தில் மனித மரபணுக்களை வைத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஏறக்குறைய பாதி மரபணுக்கள் ஈஸ்ட்டை உயிரோடு காப்பாற்றின, மீதி காப்பாற்றவில்லை. எது ஒத்துப்போகும், எது போகாது என்பது தனியாக ஆராய வேண்டிய கேள்வி. இன்னொரு கட்டுரையின் கடைசிப் படமாக அவசரத்தில் ஒட்டவைக்கிற விஷயம் இல்லை.

செல் தன் பழைய பாகங்களைத் தானே செரித்துக்கொள்ளும் ஆட்டோஃபேஜியை நினைத்துப் பாருங்கள். பட்டினி போட்ட ஈஸ்ட்டில் அது நடக்காமல் போன 15 பிறழ்வுகளை ஜப்பானிய உயிரியலாளர் யோஷினோரி ஓசுமியின் குழு 1993இல் வெளியிட்டது. அந்த மரபணுக்கள் சிலவற்றுக்கு மனித செல்லில் இணை உண்டு என்று 1998இல் காட்டினார்கள். 2016இல் ஓசுமிக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. 1993இல் யாராவது "மனித செல்லிலும் காட்டிவிட்டு வா" என்று சொல்லியிருந்தால் அந்தக் கட்டுரை எத்தனை வருடம் மேசையிலேயே கிடந்திருக்கும்? அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கியவர்கள் எதைப் படித்திருப்பார்கள்?

இந்தப் பழக்கம் உங்களோடு நிற்பதும் இல்லை. நிதி கேட்கிற விண்ணப்பத்திலும் முதல் வரியில் ஏதாவது ஒரு நோயின் பெயர் இருந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. ஈஸ்ட்டின் மரபணுத் தொகுதியை 1996இலேயே முழுதாகப் படித்துவிட்டோம். சுமார் 6,000 மரபணுக்களில் நூற்றுக்கணக்கானவை என்ன செய்கின்றன என்று இன்றுவரை தெரியாது. அவற்றில் பலவற்றுக்கு மனிதரில் இணையே இல்லை. அவற்றை எடுத்து ஆராய எந்த மாணவருக்கு இப்போது தைரியம் வரும்? என் மாணவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கே தயக்கமாக இருக்கிறது. இதைச் சொல்ல மிகவும் வேதனையாக இருக்கிறது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மீண்டும் பணிவோடு கேட்கிறேன்: மனித செல் சோதனையை நிபந்தனையாக்காதீர்கள். உங்கள் இதழுக்கு அது இல்லாமல் முடியாது என்றால், கட்டுரை வந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் வேறு இதழுக்குப் போகிறோம், ஒரு மாணவரின் 14 மாதமாவது மிஞ்சும்.

எங்கள் கட்டுரையை அடுத்த வாரம் மறுபடியும் அனுப்புகிறோம், அந்தத் துணைப் படத்தை எடுத்துவிட்டு. ஈஸ்ட்டில் நாங்கள் கண்டதைப் படித்து, அதை வைத்து முடிவு சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஈஸ்ட் ஆய்வகத்தின் பொறுப்பாளர்