பெஞ்சில் இருந்தவனுக்கு ஒரு கடிதம்

மொன்றியல்

அன்பின் சிறி,

உன் கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணிக்கு உன்னைப் பயிற்றுவிப்பாளராகக் கேட்கிறார்கள் என்றதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். "பதினொரு பேரில் நிலையான இடமே கிடைக்காத குள்ளன் எனக்கு இது சரிவருமா?" என்று கேட்டிருந்தாய். சரிவரும் என்றுதான் நினைக்கிறேன். இங்கே ஒரு மனிதரைக் கொஞ்சக் காலமாகக் கவனித்து வருகிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

மார்ட்டின் சென் லூயி. ஐஸ் ஹொக்கி ஆட்டக்காரர். 1975இல் லவாலில் பிறந்தவர், எங்களுக்கு ஆற்றைக் கடந்தால் அந்த ஊர். உயரம் 5 அடி 8 அங்குலம்தான். ஹொக்கியில் அது குட்டை. பெரிய உடம்புக்காரன் வந்து மோதினால் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் கோலாகக் குவித்தும், இளம் ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும் நாளில் வட அமெரிக்காவின் தலையாய தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லின் அணி ஒன்றுகூட அவர் பெயரைச் சொல்லவில்லை. 1998இல் கல்கரி ஃப்ளேம்ஸ் அணி எடுத்தது, 2000இல் வேண்டாமென்று விட்டுவிட்டது. பிறகு டம்பா பே லைட்னிங் எடுத்தது.

2004இல் அந்த டம்பா, என்.எச்.எல். சம்பியனுக்குக் கொடுக்கும் ஸ்டான்லி கிண்ணத்தின் இறுதிச் சுற்றுக்கு வந்தது. எதிரே யார் தெரியுமா? அதே கல்கரி! ஆறாவது ஆட்டம், கல்கரியின் சொந்த மைதானம். டம்பா தோற்றால் கிண்ணம் கல்கரிக்கு. இரண்டாவது மேலதிக நேரம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கோலை அடித்தவர் இந்தக் குள்ளர். ஏழாவது ஆட்டத்தில் டம்பா வென்றது. அந்தப் பருவத்தில் அதிக புள்ளிகளுக்கான (அடித்த கோலும், கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்த்து) விருதும், சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. 37 வயதில், 2013இல், மறுபடியும் புள்ளிப் பட்டியலில் முதலிடம்.

2015இல் ஓய்வு பெற்ற பிறகு கனெக்டிகட்டில் தன் மகன்மாரின் சின்னப் பெடியள் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். 2022 பெப்ரவரியில், கடைசி இடத்தில் கிடந்த மொன்றியல் கனடியன்ஸ் அவரைத் தலைமைப் பயிற்றுவிப்பாளராகக் கூப்பிட்டது. தொழில்முறை அணி எதற்கும் அதற்கு முன் அவர் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்ததில்லை. "பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவரா?" என்று சிரித்தவர்கள் உண்டு. இது பிரெஞ்சுக்காரர் ஊர், அவர் பிரெஞ்சு பேசுவார் என்பது மட்டும் எல்லோருக்கும் ஆறுதல். 2011இல் பிரெஞ்சு தெரியாத ஒருவரை அந்தக் கதிரையில் தற்காலிகமாக இருத்தியதற்கே இங்கே பெரிய ரகளை நடந்தது.

அணியில் கோஃபீல்ட் என்று ஒரு பெடியன், அவனும் குட்டை. அந்தப் பருவத்தில் பழைய பயிற்றுவிப்பாளரின் கீழ் 30 ஆட்டங்களில் ஒரே ஒரு கோல். சென் லூயி வந்த பிறகு 37 ஆட்டங்களில் 22 கோல்! உடனே அணி எழுந்துவிடவில்லை, அடுத்த இரண்டு வருடமும் அடிதான். நானும் திட்டிக்கொண்டுதான் பார்த்தேன். 2025இல்தான் பிளே-ஓஃப், அதாவது கிண்ணத்துக்கான கடைசிச் சுற்றுகளை, எட்டிப் பார்த்தார்கள்.

எனக்குப் பட்டது இதுதான். உடல்வாகு கொடுத்து வைத்தவனிடம் "எப்படி அடித்தாய்?" என்று கேட்டால் "அடித்தேன்" என்பான். இவருக்கு அந்த வசதி கிடையாது. பக் (ஹொக்கியில் பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) எங்கே வரும், எவன் எங்கே விலகுவான் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் பிழைத்தார். அந்தக் கணக்கை வாயால் சொல்ல முடியும். நீயும் பெஞ்சில் இருந்தபடி, "இடப்பக்கம் வெறுமையாகக் கிடக்குது, ஒருத்தனும் பார்க்கிறானில்லை" என்று என் காதைத் தின்றவன்தானே. மைதானத்தில் ஓடிய எனக்கு அது தெரிந்ததேயில்லை.

என் சின்னவனும் இப்போது ஹொக்கி விளையாடுகிறான். விடியப்புறம் அரங்கில் விரல் விறைக்க அவனுக்குச் சறுக்குச் சப்பாத்தின் கயிறு கட்டுவது என் வேலை. போன சனிக்கிழமை அவனுடைய பயிற்றுவிப்பாளர் ஆட்டத்தை நிறுத்தி, பக் வைத்திருந்தவனையும் அதைக் கேட்டுக் கத்தினவனையும் இடம் மாறி நிற்க வைத்தார். "இப்ப சொல், அவனுக்கு உன்னைத் தெரியுதா?" என்றார். கத்தினவன் பேசாமல் நின்றான். எங்கள் மாஸ்டர் என்றால் பிரம்புதான், ஞாபகமிருக்கா?

சரி, ஒப்புக்கொண்டுவிடு. பழைய மாணவர் சங்கத்தில் கதைத்துப் பார்க்கிறேன். காசு பெரிதாக வராது, ஆனால் பூட்ஸ் கொஞ்சம் தேறும். பெடியளின் கால் அளவுகளை எழுதி அனுப்பு, கோல் காப்பாளனுக்குக் கையுறை அளவையும் சேர்த்து.

அன்புடன்,
பாலா